தொட்டியில் கை வைக்காத ஐந்து வாரம்

"த்தூ!"

சத்தம் அடுக்களையிலிருந்து வந்தது. காறி இழுத்து, கொஞ்சம் நிதானித்து, மறுபடியும் ஒரு "த்தூ!"

முன்னறை ஜன்னலோரம் பலகையில் உட்கார்ந்திருந்த ஆராயி, கையிலிருந்த கண்ணாடி கிளாஸை விட்டுக் கண்ணை எடுக்காமலே குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, அடுப்படியில என்னத்தைத் துப்பறீங்க?"

ஏதோ ஒரு பாத்திரம் உருண்டது.

"உங்களைத்தானுங்க!"

"ஒண்ணுமில்ல புள்ள. சும்மா."

இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் மாதப்பன் 'சும்மா' என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அதன் பின்னால் ஏதாவது ஒரு விஷமம் இருந்திருக்கிறது. ஆராயி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ப் பார்த்தாள். ஒட்டடைக் கம்பு போல ஒல்லியான அந்த மனிதர், டீ குடிக்கிற கிளாஸில் தண்ணீரை நிரப்பி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபடி, மிரண்ட கண்களோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஆராயி... எனக்கும் கால் முளைக்குது புள்ள."

உண்மைதான். தண்ணீரின் மேல் மிதந்த எச்சிலிலிருந்து வெள்ளை நூல்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. ஆராயியின் கிளாஸில் இறங்கியதைவிட நீளமாக, ஆல விழுது போல.

ஆராயி இரண்டு கிளாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவள் எடை எண்பத்து நான்கு கிலோ. அவர் எடை நாற்பத்தேழு. இரண்டு பேர் எச்சிலும் ஒரே மாதிரி கால் முளைத்து நின்றது.

"உங்க உடம்புல அது திங்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்ட பிறகு அந்தக் கேள்வி அவளை விட்டுப் போகவில்லை. அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், இருபத்து மூன்று வருஷமாக அவளுடையதாக இருந்த இடம் இன்னொருவர் கைக்குப் போய்விடும்.

அந்த இடம் எது என்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நாற்காலியோ பதவியோ இல்லை. ஒரு சிமெண்ட் தொட்டி.

கிளியூரைத் தாண்டி இறங்கும் சரிவில் பெரியசோலை எஸ்டேட் இருக்கிறது. அங்கே பறித்த காப்பிப் பழம் சாயங்காலம் பல்பர் ஊட்டுக்கு வரும். அங்கே பல்பர் மெஷின் தோலை உரித்துத் தள்ளும். உரிந்த கொட்டை சும்மா வராது, வழவழவென்று இனிப்பான ஒரு கொழகொழப்பைப் போர்த்திக்கொண்டு வரும். அதைத் தொட்டியில் கொட்டி ஊறப் போடுவார்கள். ஊறி, புளித்து, அந்தக் கொழகொழப்பு கரைய வேண்டும். கரைவதற்கு முன்னால் கழுவினால் காய வைக்கும்போது கொட்டை பூசணம் பிடிக்கும். கரைந்த பிறகும் விட்டுவைத்தால் புளிப்பு உள்ளே இறங்கி, ஒரு கெட்ட கொட்டை ஒரு மூட்டைக் காப்பியையே நாற அடிக்கும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோதான் அது நிற்கும்.

அந்தப் பதத்தைச் சொல்கிறவள் ஆராயி.

ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, வலது கையைத் தோள் வரைக்கும் தொட்டிக்குள் விடுவாள். அடியில் கிடக்கும் கொட்டையில் ஒரு பிடி அள்ளித் தண்ணீருக்குள்ளேயே கசக்குவாள். வழுக்கினால் "இன்னும் இல்லீங்க" என்பாள். ஆற்று மணல் போலக் கறகறவென்று உராய்ந்தால் "தண்ணி திறந்து விடுங்க" என்பாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காக கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் முதல் முதலாளி வரை காத்து நிற்பார்கள். பனி கொட்டும் மார்கழியிலும், விரல் மரத்துப் போகிற தண்ணீரிலும், பிள்ளை பெற்ற நாற்பதாம் நாளிலும் அவள் அந்தத் தொட்டியைத் தவறவிட்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கை சொன்னதைத் தாண்டி அங்கே எந்தக் கடிகாரமும் பேசியதில்லை!

அப்படிப்பட்டவளா தொட்டியை விட்டு விலகினாள்? விலகினாள். ஒரு சொல் அவளை விலக்கியது.

போன வருஷம் ஆராயிக்குத் தொப்புளுக்கு மேலே ஒரு புடைப்பு வந்தது. குடலிறக்கம் என்றார்கள். ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஐஸ்வர்யா பார்த்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணிக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி எட்டு கிலோ குறைச்சுட்டு வாங்க. வெயிட் தூக்காதீங்க. ரத்தம் டெஸ்டுக்கு எழுதியிருக்கேன், அதையும் குடுத்துட்டுப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு ரத்தம் எடுக்கும் இடத்தில் நீளமான வரிசை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஆராயி சீட்டை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

எடையைக் குறைக்க அவள் படாத பாடில்லை. சர்க்கரை போட்ட டீயை விட்டாள். சோற்றைப் பாதியாக்கினாள். பஸ் ஏறாமல் மேடு ஏறி நடந்தாள். எடை அசையவில்லை. மாறாக, சும்மா உட்கார்ந்திருந்தாலே சோர்வு. மற்றவர்கள் ஒரு சால்வையோடு இருக்கும்போது இவளுக்கு இரண்டு போர்த்தியும் குளிர். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. குரல்கூடக் கரகரத்துப் போனது. 'திங்கறதை ஒளிச்சுத் திங்கறா போல' என்று லைன் ஊட்டு வரிசைக் குடியிருப்புப் பெண்கள் காதுபடவே பேசினார்கள். அரைச் சோறு தின்கிறவளைப் பார்த்து அப்படிச் சொன்னால் மனசு என்ன பாடுபடும்!

அந்த நேரத்தில்தான், ஐந்து வாரத்துக்கு முன்னால், மகளிர் குழுக் கூட்டத்துக்குச் சேலத்திலிருந்து பானு வந்தாள். முப்பது வயது, மெல்லிய உடம்பு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். பேசினால் தேன் மாதிரி இருக்கும். தன்னுடைய பழைய போட்டோவைக் காட்டினாள். அதில் அவள் ஆராயியைவிடப் பருமனாக இருந்தாள்.

"அக்கா, உங்க மேல தப்பே இல்லைங்க்கா" என்றாள். எத்தனை நாளாயிற்று அப்படி ஒருத்தர் சொல்லி! ஆராயிக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க கொறைச்சுத்தான் சாப்பிடறீங்க. ஆனா உங்க குடலுக்குள்ள ஈஸ்ட்டு பெருகிக் கெடக்குது. அதுதான் எடையைக் குறைய விடாமப் புடிச்சு வெச்சிருக்குது. ஆஸ்பத்திரி டெஸ்டுல இதெல்லாம் தெரியாதுங்க்கா. காலையில வாய் கொப்பளிக்கறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் தண்ணியில துப்பிப் பாருங்க. கால் முளைச்சா ஈஸ்ட்டு."

ஈஸ்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் கூட்டத்தில் இருந்த பதினேழு தலையும் ஒரே நேரத்தில் ஆராயி பக்கம் திரும்பியது.

ஏன் என்றால், அந்தச் சொல் பெரியசோலைக்கு அந்த வருஷம்தான் வந்திருந்தது. சின்ன முதலாளி ஒரு புது முறையைக் கொண்டுவந்திருந்தார். காப்பி தானாகப் புளிப்பதற்குப் பதிலாக, பாக்கெட்டில் வந்த ஒரு பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றினார்கள். ரைட்டர் ஜீவானந்தம் அதைக் கரைக்கும்போது பெருமையோடு விளக்கம் வேறு சொல்லியிருந்தார்: "இதுக்குப் பேரு ஈஸ்ட்டு. உசிரு இருக்கற பொடி. தித்திப்பைத் தின்னு தின்னுப் பெருகும், பாத்துக்கங்க."

உயிருள்ள பொடி. தின்று தின்று பெருகும். அதில் தோள் வரைக்கும் கை விடுகிற ஒரே ஆள் ஆராயி. என்ன செய்தும் இளைக்காதவளும் ஆராயி. பிறகென்ன?

"அய்யோ, அந்தத் தொட்டியிலிருந்துதான் இவ உடம்புக்குள்ள ஏறியிருக்குது!" என்று ஒருத்தி வாயில் கை வைத்தாள்.

பானு அதை எதிர்பார்க்கவில்லை. காப்பித் தொட்டியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பதினேழு பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும்போது, இல்லை என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. "இருக்கலாங்க்கா... எதுக்கும் கொஞ்ச நாளைக்குத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

மறுநாளிலிருந்து ஆராயி தொட்டிப் பக்கம் போகவில்லை. களத்தில் கொட்டை பொறுக்கும் கூட்டத்தோடு உட்கார்ந்தாள். இட்லி, தோசை, பழைய சோறு, தயிர், வெல்லம், வாழைப்பழம், தோட்டத்து ஆரஞ்சு எல்லாம் நிறுத்தினாள். பானு கொடுத்த பச்சைப் பொடியை மூன்று வேளையும் கரைத்துக் குடித்தாள். ஐந்து வாரத்தில் அரைக் கிலோ இறங்கியது. பிறகு அதுவும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

அங்கே பல்பர் ஊட்டில் ஒரு தொட்டி கெட்டே போனது. ஜீவானந்தம் கடிகாரத்தைப் பார்த்துத் திறந்துவிட்ட தொட்டி அது. காய்ந்த கொட்டையை முகர்ந்த சின்ன முதலாளி குப்பைக்குழியைக் காட்டினாராம். புதன்கிழமை ஜீவானந்தம் ஆராயி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, சனிக்கிழமை சாயங்காலம் நல்ல பழமாப் பாத்து ஒரு தொட்டி போடறோம். வெளிநாட்டுக்கு சாம்பிளா அனுப்பறது. ஞாயித்துக்கெழமை நீங்க வந்து கை வெச்சீங்கன்னா எல்லாம் பழையபடி. வரலைன்னா வால்பாறைப் பக்கமிருந்து ஒரு ஆளை வரச் சொல்லிட்டாரு மொதலாளி. அவன் வந்தா நிரந்தரமா வந்துருவானுங்க்கா. என்னால அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"என்ற உடம்பையும் பாக்கோணுமில்லீங்க ரைட்டரே?"

"பாருங்க. வேண்டாங்கலை." அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "ஆனா நானும் அந்தப் பொடியைத் தெனம் கரைக்கறேன். எனக்குப் பேண்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது."

இதற்கு அடுத்த நாள் காலையில்தான் மாதப்பன் அடுக்களையில் துப்பியது.

ஆராயி அன்று கிளாஸைக் கழுவவில்லை. இரண்டையும் ஜன்னலில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கலாவதியைக் கூப்பிட்டாள். கலாவதி காற்றடித்தால் பறந்துவிடுகிற மாதிரி இருப்பாள். அவளும் பானுவின் பொடியைக் குடிக்கிறவள்.

"நீ எதுக்குடி குடிக்கிற? உனக்கு எளைக்கறதுக்கு எலும்புதான் மிச்சம்."

"எனக்கு ஈஸ்ட்டு உள்ளுக்குள்ள திங்குதாமா அக்கா. அதான் தேற மாட்டேங்கறேனாம்."

"அப்ப குண்டா இருந்தா ஈஸ்ட்டு புடிச்சு வெக்குது. ஒல்லியா இருந்தா ஈஸ்ட்டு தின்னுபோடுது. அப்புடித்தானே?"

கலாவதி யோசித்தாள். "நொம்ப வெவரமான ஈஸ்ட்டா இருக்கும்போல."

சொல்லிவிட்டுச் சிரித்தவள், சிரிப்பு முடிவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தலை சுற்றுகிறது என்றாள். பழைய சோற்றை நிறுத்தி மூன்று வாரமாம். காலையில் வெறும் பச்சைப் பொடித் தண்ணீரோடு பழம் பறிக்கப் போகிறாளாம். இவள் மட்டுமில்லை, லைனில் இன்னும் நாலு பேர் அப்படித்தானாம். ஆராயி அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, வட்டிலில் சோறு போட்டுக் கொடுத்தாள். அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தன் வயிற்றை வாட்டியபோது வராத கோபம், அந்த எலும்புக் கை சோற்றை அவசரமாக அள்ளியபோது வந்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. படித்தவர்கள் சொல்லிக்கொடுத்த யோசனை இல்லை, அது அவள் கை சொல்லிக்கொடுத்தது. தொட்டியில் ஈஸ்ட் என்ன செய்கிறது? தித்திப்பைத் தின்கிறது. தின்னத் தின்னக் கொழகொழப்பு குறைகிறது. கொட்டை இளைத்து, சுத்தமாக, கறகறவென்று வெளியே வருகிறது. இருபத்து மூன்று வருஷத்தில் ஊறப் போட்ட கொட்டை புளித்துப் பருத்ததை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. தொட்டியில் இளைக்க வைப்பது, உடம்பில் மட்டும் எப்படிப் பருக்க வைக்கும்?

அது சரியான கணக்கா, தப்பான கணக்கா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி என்று தெரிந்தது. அரிசி டப்பாவைத் தூக்கி, அடியில் மடங்கிக் கிடந்த சீட்டை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தாள். சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் ஐஸ்வர்யா காகிதத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதைத்தானே அன்னைக்கே குடுக்கச் சொன்னேன்? உங்களுக்குத் தைராய்டு கம்மியா இருக்கு. சோர்வு, குளிர், முடி கொட்டறது, தொண்டை கரகரப்பு, எல்லாத்துக்கும் இது ஒரு காரணம். எடைக்கும் கொஞ்சம் காரணம்."

"அப்ப ஈஸ்ட்டு இல்லீங்களா டாக்டர்?"

டாக்டர் சிரிக்கவில்லை. அதுவே ஆராயிக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. "ஈஸ்ட்டுங்கறது எல்லார் வாயிலயும் குடல்லயும் கொஞ்சம் இருக்கும். சில பேருக்கு அதிகமாகி வாயில வெள்ளையாப் படியும், தோல் மடிப்புல அரிக்கும். அது நிஜமான வியாதி. மருந்து இருக்கு. ஆனா அது எடையைக் குறைய விடாமப் பிடிச்சு வெக்குதுன்னு இதுவரைக்கும் யாரும் சரியா நிரூபிச்சதில்லை. காப்பித் தொட்டியில போடறது வேற ஜாதி. அதைத் தொட்டா தோல் வழியா உள்ள ஏறி உக்காராது. கைய நல்லா கழுவிக்கங்க. புண்ணு இருந்தா விடாதீங்க, அவ்வளவுதான்."

"எச்சில்ல கால் முளைக்குதுங்களே?"

"எச்சில் கொழகொழன்னு இருக்கும். தண்ணியில விட்டா நூலாத்தான் இறங்கும். என்னுதும் இறங்கும்."

"மாத்திரை போட்டா எட்டுக் கிலோவும் போயிருமுங்களா?"

"போகாது" என்றார் டாக்டர் பட்டென்று. "பொய் சொல்ல மாட்டேன். மாத்திரையால கொஞ்சம் குறையும். மிச்சத்துக்கு நீங்கதான் நடக்கணும். மெதுவாத்தான் ஆகும்."

ஐந்து வாரமாகக் கேட்ட தேன் பேச்சைவிட, அந்தப் 'போகாது' ஆராயிக்கு இனித்தது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்தில் டூரிஸ்ட் ஜீப்புக்காகக் காத்திருந்த ஒரு அம்மாள் என்னவோ ஏதோ என்று பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "ஒண்ணுமில்லீங்க. நான் ஒளிச்சுத் திங்கலைன்னு டாக்டரே சொல்லிப்போட்டாருங்க" என்றாள் ஆராயி. அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பானு வந்தாள். அடுத்த மாதத்துப் பொடி டப்பா பையில் கனத்தது. மூடுபனி அவள் பின்னாலேயே வீட்டுக்குள் நுழையப் பார்த்தது.

"எப்படிங்க்கா இருக்கீங்க? முகம் நல்லா வத்தியிருக்குதே!"

"உக்காரு கண்ணு" என்றாள் ஆராயி. தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பானு குடிக்கப் போனாள்.

"குடிக்கறதுக்கில்லை. துப்பறதுக்கு."

பானு விழித்தாள். "நானுங்களா? நான் டீ குடிச்சுட்டேனே. காலையில வெறும் வாயோடதான்..."

"வாய் வேணும்னா கொப்பளிச்சுக்க. எச்சில் எச்சில்தானே சாமி. அவரு துப்பினாரு, அவருக்குக் கால் முளைச்சுது. கலாவதி துப்பினா, அவளுக்கும் முளைச்சுது. நேத்து எங்க டாக்டரம்மாவும் தனக்கு முளைக்கும்னு சொல்லிப்போட்டாங்க. உனக்கு ஈஸ்ட்டு போயி ரெண்டு வருஷமாச்சுன்னு சொன்னியே. உனக்கு முளைக்கலைன்னா நான் இந்தப் பொடியை ஆயுசுக்கும் குடிக்கறேன். தொட்டியையும் இன்னையோட விட்டுப்போடறேன். வாக்கு."

மாதப்பன் அடுக்களை வாசலில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். கொடுத்த வாக்கை மாற்றுகிறவள் இல்லை அவர் மனைவி.

பானு சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. வாய் கொப்பளித்து வந்து, கிளாஸைக் கையில் எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பினாள். மூவரும் அந்தக் கிளாஸையே பார்த்தார்கள். வெளியே சுற்றுலா வண்டி ஒன்று ஹாரன் அடித்தபடி வளைவில் திரும்பிப் போனது.

முதல் நூல் மெதுவாக இறங்கியது. பிறகு இரண்டாவது. பிறகு ஒரு கொத்து.

பானுவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"நான் பொய் சொல்லலைங்க்கா" என்றாள், தேன் முழுக்க வடிந்துபோன குரலில். "எனக்கும் இப்படித்தான் ஒருத்தங்க சொன்னாங்க. நம்பினேன். எடையும் குறைஞ்சுது. ரெண்டு வருஷமா நான் ஒரு தோசை திங்கலை. ஒரு பழம் திங்கலை. எங்கண்ணன் கல்யாணத்துல எல்லாரும் பந்தியில உக்காந்தப்ப நான் மண்டபத்து மாடியில போயி நின்னுக்கிட்டேன். பசி எடுக்கறப்பெல்லாம், ஈஸ்ட்டுதான் கேக்குது, நான் கேக்கலைன்னு சொல்லிக்குவேன். இப்பச் சொல்லுங்க... பசிச்சது நான்தானுங்களா?"

கேள்வியைக் கேட்டுவிட்டு முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். கோபமாகக் கேட்பதற்காக ஆராயி நாலு நாளாக அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் அங்கேயே கரைந்துபோயின. எழுந்து போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு, அந்தப் புடைத்த வயிற்றோடு, சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"நீதான் கண்ணு. பசிச்சது நீதான்."

கொஞ்ச நேரம் கழித்துப் பானு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா... குழுவுல இதைச் சொல்லாதீங்க. நானே மெல்ல மெல்ல நிறுத்திக்கறேன். கெஞ்சிக் கேக்கறேன்."

ஆராயியின் கை அவள் தலையிலிருந்து விலகியது. விலகியதே தவிர முகத்தில் கடுமை இல்லை.

"அது மட்டும் ஆகாது சாமி. கலாவதி சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கறா. இன்னும் நாலு பேரு வெறும் வயித்தோட சரிவுல பழம் பறிக்கறாங்க. ஒருத்தி உருண்டு வுழுந்துட்டா நீயும் தாங்க மாட்ட, நானும் தாங்க மாட்டேன். செவ்வாக்கெழமை கூட்டத்துல நீயே சொல்லு. தெரியாமச் சொல்லிப்போட்டேன், இனிமே ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாருங்கன்னு. நான் உம் பக்கத்துல நிப்பேன். ஒருத்தி உன்னைய ஒரு வார்த்தை பேசினா, என்னையத் தாண்டித்தான் பேசோணும்."

"நான் வரலைன்னா?"

"நான் மட்டும் நின்னு சொல்லுவேன்."

அந்தச் சமயத்தில் மாதப்பனின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் எடுத்துக் கேட்டுவிட்டு மனைவியிடம் நீட்டினார். ஜீவானந்தத்தின் குரல் பக்கத்தில் நின்ற பானுவுக்கும் கேட்கும் அளவுக்குப் பதறியது.

"அக்கா, நுரை மேல வந்து நிக்குது. வாசம் ஒரு மாதிரி மாறுது. மொதலாளி பக்கத்துலயே நிக்கறாரு. வால்பாறை ஆளுக்குப் போன் போடட்டுமான்னு கேக்கறாரு. என்னங்க்கா சொல்லட்டும்?"

"வாசம் தித்திப்பா இருக்குதா, புளிப்பா இருக்குதா?"

"ரெண்டுமாத்தான் இருக்குதுங்க்கா!"

"அப்ப இன்னும் முக்கால் மணி நேரம் கெடக்குது. யாரும் தண்ணியைத் திறக்கப்படாது. மொதலாளிகிட்டச் சொல்லுங்க, கை வந்துக்கிட்டிருக்குதுன்னு."

போனைக் கொடுத்துவிட்டு அவள் ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக்கொண்டாள். ஐந்து வாரம் தொட்டித் தண்ணீர் படாமல் இருந்த அந்தக் கையைப் பானு பார்த்தாள். பருமனான, கறுத்த, முழங்கைக்குக் கீழே தோல் வெளிறிப்போன கை. தன் அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டாள். பொடி டப்பாவை எடுத்து வெளியே வைக்கவில்லை.

"உடம்பு இன்னும் சரியாகலையே, அதுக்குள்ள தொட்டியில கை வெக்கப் பயமா இல்லைங்களா அக்கா?"

"உடம்பு சரியாக நாளாகும் கண்ணு. தொட்டி முக்கால் மணி நேரம்தான் நிக்கும்."

பானு சின்னதாகச் சிரித்தாள். வாசலில் குனிந்து செருப்பை மாட்டினாள். படி இறங்கியவள் திரும்பி நின்று, "செவ்வாக்கெழமை எத்தனை மணிக்குங்க்கா?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு. சாப்பிட்டுட்டு வா."

பனிக்குள் அவள் பச்சைச் சுடிதார் கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மறைந்தது. ஆராயி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தொட்டிக்குப் போக வேலைச் சேலை மாற்ற வேண்டியிருந்தது.